ஆன்ம விசாரம்: கவலையா, விசாரணையா, நாட்டமா?

கடலூர்ப் பக்கம் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், வயதானவர்கள் "என்னப்பா, ஒரே விசாரமா இருக்கே?" என்று கேட்பார்கள். அந்த விசாரம் கவலை. நீதிமன்றத்திலும் தாலுகா ஆபீசிலும் நடப்பது விசாரணை. இதே சொல்லுக்கு முன்னால் 'ஆன்ம' என்று சேர்த்து ஆன்மிகப் புத்தகத்தில் அச்சடித்தால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? தன்னைப் பற்றி உட்கார்ந்து கவலைப்படுவது என்று நினைப்பார். இல்லாவிட்டால் தன்னையே கூண்டில் ஏற்றிக் குறுக்குக் கேள்வி கேட்பது என்று நினைப்பார். இரண்டும் இல்லை.

சொல் வடமொழி. 'சர்' என்றால் நடமாடுதல், உலவுதல். சஞ்சாரம், பிரசாரம், ஆசாரம் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவைதான். 'வி' என்ற முன்னொட்டு சேர்ந்து விசாரம் ஆனது: ஒரு பொருளின் எல்லாப் பக்கமும் மனம் போய்வந்து ஆராய்வது. போய்வந்துகொண்டே இருக்கிற மனத்துக்குத் தமிழில் கவலை என்ற பொருளும் ஏறிக்கொண்டதில் வியப்பில்லை. வேதாந்தத்தில் ஆத்ம விசாரம் என்றால் 'நான் என்பது எது' என்று பார்ப்பது. உடம்பா, மனமா, இவற்றை அறிந்துகொண்டிருக்கிற அறிவா என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பார்க்கிறவனிடமே வந்து நிற்பது.

தமிழில் இந்தச் சொல் பரவியதில் நம் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1902 வாக்கில், தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் இருந்த ரமணரைப் பார்த்தார். திருவண்ணாமலை அப்போது தென்னாற்காட்டில் சேர்ந்த ஊர். மாவட்டத்தின் தலைமையிடம் கடலூர். ரமணர் அன்று மௌனத்தில் இருந்ததால், கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்தான் 1923இல் 'நானார்?' என்று அச்சில் வந்தது. விசாரணை என்ற சொல் தினமும் காதில் விழுகிற ஆபீசிலிருந்து ஒருவர் போய்த்தான் இந்த விசாரணையை வாங்கிவந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்த நூலிலேயே இலக்கணமும் இருக்கிறது. 'சதாகாலமும் மனத்தை ஆத்மாவில் வைத்திருப்பதற்குத்தான் ஆத்ம விசாரம் என்று பெயர்' என்கிறார் ரமணர். கேள்வி கேட்பது என்று அவர் சொல்லவில்லை, வைத்திருப்பது என்கிறார். 'நான் யார், நான் யார்' என்று மந்திரம்போல உருப்போடுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

அதற்கு முன்பே இந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்தவர் வள்ளலார். 1873 அக்டோபர் 22ஆம் தேதி, வடலூரை ஒட்டிய மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்தின் முன் கொடி கட்டி அவர் பேசிய பேருபதேசத்தில் விசாரம்தான் நடுநாயகம். அதைப் பரம் (பரலோக விசாரம்), அபரம் (இகலோக விசாரம்) என்று இரண்டாகப் பிரிக்கிறார். இகலோக விசாரத்தை அவர் விசாரமாகவே ஒப்பவில்லை. கவலை என்ற பொருள் அங்கேயே கழன்றுவிடுகிறது. அப்புறம் ஒரு பேச்சு வருகிறது: தண்ணீரை மூடிய பாசியைப்போல நம் அறிவை மூடிக்கொண்டிருக்கும் பசுமையான திரையை விசாரத்தின் உஷ்ணத்தால்தான் நீக்க முடியும். அந்த உஷ்ணத்துக்கு யோகியாக வேண்டுமா? வேண்டாம் என்கிறார். ஆண்டவரைத் தோத்திரம் செய்வதிலும் நினைப்பதிலுமே, யோகத்தில் வருவதைவிடக் கோடிப் பங்கு, பத்துக் கோடிப் பங்கு அதிகமாக அந்த உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ளலாமாம். அதாவது, அடுப்பு விசாரம், விறகு பக்தி. தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி பார்க்க வருகிற கூட்டத்தைப் 'பக்தி மார்க்கம்' என்று ஒதுக்கி, விசாரத்தைப் படித்தவர்களுக்கு எழுதி வைக்கிறவர்கள், அந்தக் கூட்டம் கும்பிடுகிறவர் சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பக்தி? 'பஜ்' என்ற வேரிலிருந்து வந்தது. பங்கு கொள்ளுதல், சேர்ந்திருத்தல், பணி செய்தல் என்பது மூலப் பொருள். தமிழ் ஒலிக்கு வந்து 'பத்தி' ஆனது. 'பத்தி வலையில் படுவோன் காண்க' என்று திருவாசகம் சொல்கிறது. இன்றைக்கு அப்படி எழுதினால் ஊதுபத்தியோ கட்டுரைப் பத்தியோ என்று குழப்பம் வரும். பத்திமை என்று எழுதலாம். ஆனால் திருமூலர் கையில் எடுத்தது அன்பு என்ற சொல். 'அன்பும் சிவமும் இரண்டென்பர் அறிவிலார்' என்று அவர் தொடங்குவதிலேயே, உயிரும் கடவுளும் ஒன்றா இரண்டா என்ற அத்வைதக் கேள்வியும் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் சூலை நோய் தீர்ந்து பாடத் தொடங்கிய அப்பரைவிடப் பெரிய பக்தர் யார்? அவர் பாடுகிறார்: 'தேடிக் கண்டுகொண்டேன்... என்னுளே தேடிக் கண்டுகொண்டேன்.' திருமாலும் நான்முகனும் மேலும் கீழும் தேடி அகப்படாதவனை, இடத்தை மாற்றித் தேடியிருக்கிறார். இன்னொரு பாட்டில், தலைவன் பேரைக் கேட்ட பெண் கடைசியில் 'தன்னை மறந்தாள், தன் நாமம் கெட்டாள், தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்று முடிகிறாள். 'நான்' எழும் இடத்தில் போய் நிற்பதும், 'நான்' என்ற பேரே கெட்டுப்போவதும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள். ஒரே வாசல் என்று நான் சொன்னால் சைவ சித்தாந்திகள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களுடைய ஆசான் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார், அத்துவிதம் (அத்வைதம்) என்ற சொல் 'ஒன்று' என்று சொல்லவில்லை, அந்நியம் இல்லை என்றுதான் சொல்கிறது என்று பிரித்துக் காட்டியவர். அதனால் அத்வைதத்துக்குத் தமிழில் 'ஒருமை' என்று எழுதாமல் 'இரண்டன்மை' என்று எழுதுவதே சரி.

இனி, விசாரத்துக்குத் தமிழ் என்ன? உசாவல் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. 'உசாவே சூழ்ச்சி' என்பது தொல்காப்பியம். சூழ்ச்சி என்றால் அங்கே சதி இல்லை, கலந்து எண்ணுதல். இலங்கையில், ஆதாரமாகப் பார்க்கும் நூல் என்ற பொருளில், உசாத்துணை என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் உசாவுவதற்கு எதிரே இன்னொருவர் வேண்டும். இங்கே கேட்பவனும் கேட்கப்படுபவனும் ஒருவனே. தன்னாய்வு, தற்சோதனை என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவை இப்போது, அன்றன்று செய்த தவறுகளை மாலையில் கணக்குப் பார்ப்பது என்ற பொருளுக்குப் போய்விட்டன.

என் ஓட்டு நாட்டத்துக்கு. 'நோய்நாடி நோய்முதல் நாடி', 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்று வள்ளுவர் சொல்லும்போது நாடுதல் ஆராய்தல். 'எனக்கு அதில் நாட்டம் இல்லை' என்று நாம் பேசும்போது அது விருப்பம். திருமுருகாற்றுப்படை இந்திரனை 'நூற்றுப்பத்து அடுக்கிய நாட்டத்து' என்று சொல்லும்போது அது கண். ஆராய்ச்சி, விருப்பம், பார்வை மூன்றும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. பக்தியையும் விசாரத்தையும் இரண்டு வழியாகப் பிரிக்கத் தேவையில்லாத சொல் தமிழில் முன்பே இருக்கிறது. ரமணரும் செய்யுள் எழுதும்போது இதைத்தான் எடுக்கிறார்: 'நானார் என மனம் உள் நாடி உளம் நண்ணவே' என்பது உள்ளது நாற்பது. ரமணர் வழியில் எழுதுகிறவர்களிடம் 'தன்னாட்டம்' என்ற சொல் புழங்குகிறது. தன் + நாட்டம். 'தன் ஆட்டம்' என்று பிரித்துப் படித்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. அந்தப் பயம் இருந்தால் 'தன்னை நாடல்' என்று எழுதலாம்.

விசாரத்தை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வள்ளலாரையும் ரமணரையும் மேற்கோள் காட்டும் இடத்தில் அவர்கள் சொல்லே நிற்க வேண்டும். 'ஆன்ம விசாரணை' என்று நாமாக எழுதும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; படிக்கிற பத்துப் பேரில் பாதிப் பேருக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும்.