கீற்றோரக்சி என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நீர்வண்டுகளின் கூர்ப்பு உறவு பற்றி எதை வாசித்தாலும் கீற்றோரக்சி (chaetotaxy) என்ற சொல் வந்து நிற்கும். பூச்சியின் உடம்பில் மயிர்போன்ற முட்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு, அதை ஆராயும் படிப்பு இரண்டுக்கும் இதுதான் பெயர். கிரேக்கத்தில் 'கைற்றே' என்றால் நீண்ட மயிர், பிடரிமயிர். 'ரக்சிஸ்' என்றால் ஒழுங்காக அடுக்குதல். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு முதற்பாதி புதிதல்ல, பொலிக்கீற்றா, ஒலிகோக்கீற்றா என்று புழுக்கூட்டங்களின் பெயர்களைப் பாடமாக்கினோமே, அதே கீற்றாதான். 1880-களில் ஒஸ்ரன் சாக்கன் என்ற ரஷ்யர் (நியூயோர்க்கில் தூதரக வேலை பார்த்த மனுசன், விருப்பமெல்லாம் ஈக்களில்) ஈயின் உடம்பிலுள்ள முட்களை இடம்வாரியாகப் பெயரிட்டு ஒப்பிடத் தொடங்கியபோது பழக்கத்துக்கு வந்த சொல் இது.

சரி, நீர்வண்டுக்கு ஏன் இது? மாரியில் குளமும் கேணியும் நிரம்பும் நாட்களில் இரவு லைற்றைச் சுற்றி வந்து விழுகிற வண்டுகளில் இவையும் உண்டு. இவற்றின் டைற்றிசிடே குடும்பத்தில் 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள், ஆனால் வளர்ந்த வண்டுகளில் பெரும்பாலானவை ஒரே சாயல், நீந்துவதற்கு ஏற்ற வழுவழுப்பான படகு உடம்பு. ஒரேமாதிரி இருப்பது உறவினாலா, ஒரே தண்ணீரில் ஒரே வேலை செய்வதாலா என்று பிரித்தறிவது கஷ்டம். முட்டையிலிருந்து வரும் குடம்பி (லார்வா) அப்படியில்லை. நீண்ட உடம்பு, உள்ளே கால்வாய் ஓடுகிற அரிவாள் தாடை, வாற்பேத்தையைக் குத்திச் சமிபாட்டுச் சாற்றை ஏற்றி, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். அதன் வாழ்க்கையே வேறு என்பதால் உறவுக்கு அது தனியான இன்னொரு சாட்சி. ஐட்ரோபோரினே என்ற துணைக்குடும்பத்துக் குடம்பிகளின் தலை முன்னால் மூக்குப்போல நீண்டிருக்கும், அந்த ஓர் அடையாளமே அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது.

முட்களின் கதை இன்னும் நுட்பமானது. குடம்பிக்கு மூன்று பருவம். முதற் பருவத்திலேயே இருப்பவை முதன்மை முட்கள், பிறகு முளைப்பவை துணை முட்கள். காலில் வரிசையாக முளைக்கும் நீச்சல் மயிர்கள் துணை வகை, நீந்தும் பழக்கம் வந்த இடமெல்லாம் தனித்தனியாக வந்திருக்கக்கூடும், அதனால் அவற்றை நம்பி உறவு சொல்வது ஆபத்து. முதன்மை முட்கள் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. ஆகவே உறுப்புக்கு ஈரெழுத்துக் குறியீடு, முள்ளுக்கு எண், முட்களோடு தோலில் காணப்படும் நுண்துளைக்குச் சிற்றெழுத்து என்று போட்டு, இந்த இனத்தின் தொடையிலுள்ள ஐந்தாம் முள்ளும் அந்த இனத்தின் ஐந்தாம் முள்ளும் அமைப்பொத்தவையா (ஒரே மூதாதையின் முள்ளிலிருந்து வந்தவையா), ஒன்றில் இல்லாமலே போய்விட்டதா என்று நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கண் நோகிற வேலை.

தமிழுக்கு வருவோம். 'மயிரமைப்பு' எனக்குச் சரியாகப் படவில்லை, பாலூட்டியின் மயிர் கெரற்றின், பூச்சியினுடையது புறத்தோலிலிருந்து எழும் கைற்றின். 'இயல்' சேர்ப்பதும் பொருந்தாது, ஏனென்றால் இந்தச் சொல் படிப்பை மட்டுமல்ல, உடம்பிலுள்ள அடுக்கையே குறிக்கும். மண்புழுவுக்கு எங்கள் பாடப்புத்தகம் தந்த 'சிலிர்முள்' கையிலேயே இருக்கிறது. சிலிர்முள் ஒழுங்கு என்பேன். நுண்துளைகள் அதில் அடங்கவில்லையே என்று கேட்டால், கிரேக்கச் சொல்லிலும் அடங்கவில்லைதான்.

நுளம்புக்கும் இதே சொல் செல்லும். கியூலெக்ஸ் குடம்பியின் சுவாசக் குழலில் பல சோடி முட்கற்றைகள், ஏடிசில் ஒரு சோடிதான், அனோபிலிசுக்கோ குழலே கிடையாது.