எட்டாக மடித்த கடிதம்

வீட்டில் படிக்க விடவில்லை என்று இந்த வருஷத்தில் என் அறைக்கு வந்த மூன்றாவது பெண் இவள். மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவள். ஈப்போ பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அழைப்புக் கடிதத்தை எட்டாக மடித்துக் கைப்பேசி உறைக்குள் வைத்திருந்தாள். "அண்ணன் வேணாங்கிறான், டீச்சர்."

அண்ணனுக்கு வயது 20. கூப்பிட்டதும் தொழிற்சாலைச் சட்டையோடு வந்தான், மரியாதையான பையன். "நம்ம பொம்பளைங்க வீட்டோட இருந்துதானே டீச்சர் பழக்கம்" என்றான்.

ஆலோசனை ஆசிரியையாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எந்தப் பழக்கம்? உன் பாட்டி என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாராம், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. அப்படியென்றால் விடியுமுன் பிரட்டுக்களத்தில், தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் இடத்தில், பேர் கொடுத்திருப்பார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டிருப்பார். தாத்தாவுக்குச் சமமாக மரம் வெட்டி, பால் வாளி சுமந்து, வீட்டுக்கு வந்து சோறும் ஆக்கியிருப்பார். மதியத் தூக்கம் மட்டும் தாத்தாவுக்கு. தோட்டத்துப் பெண்கள் வீட்டோடு இருந்தார்கள் என்பது நம் வரலாறே கிடையாது. பண்பாடு என்று சொல்லி அந்தப் பாட்டியின் உழைப்பை அழிக்காதீர்கள்.

இது பெரியவர்கள் பிரச்சினை என்று நினைக்கிறோம். என் அறையில் அப்பாக்கள் சீக்கிரம் இறங்கி வருகிறார்கள். அண்ணன்களும் காதலன்களும்தான் பிடிவாதம். பெண்களும் அதை "அக்கறை" என்கிறார்கள். பையன்களும் இதில் தப்புவதில்லை. நர்சிங் படிக்க ஆசைப்பட்ட ஒரு பையன், கூட்டாளிகள் கேலி செய்ததால் விண்ணப்பமே போடவில்லை.

சரி, பிள்ளைகளே, கேளுங்கள். விண்ணப்பத்தின் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். இடம் கிடைத்தால் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள், தவறினால் இடம் போச்சு. பணம் தடையென்றால் அரசாங்க உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடனுதவி பற்றி விசாரியுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் மேஜர். அண்ணன் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. அடித்தாலோ பூட்டி வைத்தாலோ 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) அரசாங்க உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

அம்மாக்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மகன் சாப்பிட்ட தட்டை மகளைக் கழுவச் சொல்லாதீர்கள். அங்கேதான் அவன் இதைப் படிக்கிறான்.

அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை இருக்கிறது. வியாழக்கிழமை பாட்டியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.