கடல்பாசி தெளித்தும் தக்காளி ஏன் மஞ்சளாகிறது?

பெங்களூரில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பகுதிகளில் பல மாடிகளில் இப்போது கடல்பாசி திரவ பாட்டில் ஒன்று நிற்கிறது. கடல்பாசியிலிருந்து எடுத்த சாறு அது, தண்ணீரில் கலந்து செடிக்குத் தெளிப்பார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அது ஒன்றையே நம்பி மண்ணைப் பட்டினி போட்டுவிடுகிறார்கள். அதுதான் என் கவலை.

அல்சூரில் ஒரு அம்மாவின் தக்காளிச் செடி. அடி இலைகள் நரம்போடு சேர்ந்து மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தன. கொழுந்து மட்டும் வெளிர் பச்சை. "வாரம் தவறாம கடல்பாசி அடிக்கிறேனே சார், இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?" என்று கேட்டார். குரோபேக்கை, அதாவது செடி வளர்க்கும் பையைக் கிளறினேன், கோகோபிட் என்கிற தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் செம்மண்ணும்தான். மஞ்சள் கீழிருந்து மேலே ஏறினால் பெரும்பாலும் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பற்றாக்குறை. பழைய இலையில் இருப்பதை உருவித்தான் செடி கொழுந்துக்குக் கொடுக்கும். கடல்பாசிச் சாற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பேருக்குத்தான் இருக்கும். அவை மண்புழு உரத்திலிருந்தோ, மக்கிய சாணத்திலிருந்தோ, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கிலிருந்தோதான் வரவேண்டும்.

அப்படியானால் கடல்பாசி எதற்கு? சாம்பல்சத்து (பொட்டாசியம்), நுண்ணூட்டங்கள், கூடவே ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் அதில் உண்டு. வேர் நன்றாக இறங்கும், பிடுங்கி நட்ட நாற்று சீக்கிரம் தெளியும், மார்ச் ஏப்ரல் வெயிலைச் செடி கொஞ்சம் தாங்கும். நாற்று நட்ட பிறகு ஒரு முறை, பூக்கும் முன் ஒரு முறை, காய் பிடிக்கும்போது ஒரு முறை தெளித்தால் வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளம். லேபிளில் உள்ள அளவே கணக்கு. பெரும்பாலும் லிட்டருக்கு 2 முதல் 5 மில்லி. மூடி மூடியாக ஊற்றினால் வளர்ச்சி அதிகமாகிவிடாது. ஊக்கி அளவு மீறினால் வளர்ச்சியே தடைபடும். காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். கலக்கிய நீரை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். ராமேஸ்வரம் போய்த் திரும்பும்போது கரையில் கிடக்கும் பாசியைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நினைத்தபடி எதையும் அள்ளக்கூடாது. பாசியில் இருக்கும் கடல் உப்பும் சும்மா விடாது. வயலென்றால் மழை கழுவிவிடும், பைக்குள் சேரும் உப்பு வெளியேற வழி குறைவு. காவிரி நீர் வராத நாட்களில் நாம் ஊற்றுவதோ போர்வெல், டேங்கர் தண்ணீர். அதிலேயே உப்பு இருக்கிறது. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள். அது உப்புதான். அந்தப் பையில் காய்ந்த பாசியையும் போட்டால் இலை ஓரம் கருகும். வெள்ளை பூத்த பையில் முதலில் மழைநீரோ காவிரி நீரோ, அடியில் வழிந்தோடும்வரை ஊற்றி அலசிவிடுங்கள்.

நம் நாட்டுத் திரவங்கள் பலவற்றுக்கு மூலம் மண்டபம், பாம்பன் பக்கம் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி. பச்சைப் பாசியை நசுக்கி, சாற்றை உரத்துக்கும் சக்கையை கராஜீனன் (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்) எடுக்கவும் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். ஆகவே வெளிநாட்டுப் பெயருக்காக அதிக விலை கொடுக்க அவசியமில்லை.

2021இல், கடல்பாசிச் சாறு போலச் செடியின் வளர்ச்சியைத் தூண்டும் உயிர்த்தூண்டிகளை மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. வாங்கும்போது எந்தப் பாசி, எவ்வளவு சாறு, யார் தயாரிப்பு, காலாவதி தேதி எல்லாம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் இல்லாமல் கறுப்பாக ஏதோ ஒரு பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு மூட்டை மண்புழு உரம் வாங்கிப் போடுங்கள்.