கண்ட்ரோல்-சி அழுத்தியும் நிற்காத நிரல்

எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்கிறீர்கள். முதல் இரண்டு வரி அச்சாகிறது, அப்புறம் சத்தமே இல்லை. கண்ட்ரோல்-சி அழுத்துகிறீர்கள். இன்னும் பலமாக அழுத்துகிறீர்கள். ம்ஹூம்.

கண்ட்ரோல்-சியை நிறுத்தும் பொத்தான் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். லினக்ஸிலும் மேக்கிலும் அது வெறும் வேண்டுகோள். விசையழுத்தத்தை வழியிலேயே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, பிடித்து, டெர்மினலின் முன்னணியில் ஓடும் புராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) 2-ஆம் எண் சிக்னலாக, ஒரு சிறு அறிவிப்பாக, அனுப்புகிறது. நிரல் தனியாக ஏற்பாடு எதுவும் செய்யாதிருந்தால் அங்கேயே முடிந்துவிடும். செய்திருந்தால் அதன் இஷ்டம்.

பைத்தான் அப்படி ஏற்பாடு செய்துவைத்திருக்கும் மொழி. சிக்னல் வந்ததும் அதை ‘கீபோர்டு இன்டரப்ட்’ என்ற எக்ஸெப்ஷனாக, பிழை வந்தால் வீசுவது போன்ற அறிவிப்பாக, மாற்றி வீசும். வினை இங்கேதான். சர்வரிடம் தரவு கேட்டு, பிழை வந்தால் மறுபடி கேட்கும் லூப் ஒன்று எழுதுகிறோம். எந்தப் பிழை என்று சொல்லாமல் பிழைகளைப் பிடிக்கும் ‘எக்ஸெப்ட்’டை வெறுமனே போட்டுவிட்டால், நீங்கள் அனுப்பிய சிக்னலும் அந்த வலையில் விழும். லூப் பாட்டுக்கு அடுத்த சுற்றுக்குப் போகும். நானும் இப்படி எழுதிவிட்டு கீபோர்டைத் திட்டியிருக்கிறேன். 2006-இல் வந்த பைத்தான் 2.5 இந்த எக்ஸெப்ஷனைச் சாதாரணப் பிழைகளின் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்தது. அதனால் ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்று எழுதினால் அது நழுவி வெளியே வந்துவிடும்.

சரி, நிற்கவில்லை. உடனே கொன்றுவிடாதீர்கள். ஹேங் ஆன நிரல், சம்பவம் நடந்த இடத்தை விட்டு நகராத சாட்சி. இன்னொரு டெர்மினலில் ‘டாப்’ கட்டளையை ஓட்டி சிபியு அளவைப் பாருங்கள். 100-ஐ ஒட்டி இருந்தால் நிரல் சிபியுவின் கோர்களில் ஒன்றை முழுசாகத் தின்றுகொண்டு சுற்றுகிறது. முடிவில்லாத லூப்பாக இருக்கலாம், பெரிய கணக்காகவும் இருக்கலாம். 0 என்றால் எதற்கோ காத்திருக்கிறது: பதில் தராத சர்வருக்கு, அல்லது இன்னொரு த்ரெட் (அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) வைத்திருக்கும் பூட்டுக்கு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பொதுத் தரவைத் தொடுவதற்கான காவல்தான் பூட்டு. அந்த த்ரெட்டும் இதனிடம் உள்ள பூட்டுக்குக் காத்திருந்தால் அதுதான் டெட்லாக், இரண்டும் விட்டுக்கொடுக்காது. ஜாவாவுக்கு ‘ஜேஸ்டாக்’, பைத்தானுக்கு ‘பை-ஸ்பை’ என்ற கருவிகள், நிரலைக் கொல்லாமலே அது எந்த வரியில் நிற்கிறது என்று காட்டிவிடும்.

லூப்பா, கணக்கா என்று கணினியே சொல்லக்கூடாதா? எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி அதைச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது. ஆலன் டூரிங் 1936-இல் வெளியிட்ட கட்டுரையின் விளைவு இது. அதனால் விண்டோஸ் எளிய வழியைப் பிடித்துக்கொண்டது. கிளிக், விசையழுத்தம் போன்ற செய்திகளை ஒரு விண்டோ 5 நொடி எடுத்துப் பார்க்காவிட்டால், தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று போட்டுவிடும். நிரல் உள்ளே உருப்படியாக உழைத்துக்கொண்டிருந்தாலும் அதே பட்டம்தான்.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்றா? இனி ‘கில்’ கட்டளை. எண் சொல்லாமல் அழைத்தால் 15-ஆம் சிக்னல் போகும். கோப்புகளை மூடிவிட்டுக் கிளம்ப நிரலுக்கு அவகாசம் உண்டு. 9 போட்டால் நிரலுக்குத் தகவலே போகாது, கெர்னல் நேராக முடித்துவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியாகவே கிடக்கும். பழுதான டிஸ்க்கின் பதிலுக்காக கெர்னலுக்குள் உறைந்துபோன புராசஸோ 9-க்கும் அசையாது. லினக்ஸின் ‘டாப்’பில் அதன் நிலை ‘டி’ (D) என்று தெரியும்.

கண்ட்ரோல்-இசட் மட்டும் வேண்டாம். அது கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. ஒழிந்தது என்று நினைத்து சர்வரை மறுபடி கிளப்பினால், அது இணைப்புகளைக் கேட்கும் வாசலான 8000-ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். ‘ஜாப்ஸ்’ என்று தட்டிப் பாருங்கள். பழைய சர்வர் போர்ட்டைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே படுத்திருக்கும்.