சயனோடைப் – கருநீல அச்சு

கிரேக்கத்தில் ‘கியானோஸ்’ என்றால் கருநீலம், ‘டைப்போஸ்’ என்றால் பதிந்த தடம். கேமரா இல்லாமல், மருந்து பூசிய தாளில் வெயிலால் படம் பதிக்கும் முறை இது; மனநல நோயாளிகளுக்கான கலைப் பயிற்சிக்கும் ஏற்றது. 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷெல் கண்டறிந்த இம்முறையில், அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளில் பதித்தார். பெயரைக் கேட்டுச் சயனைடு என்று அஞ்ச வேண்டாம். இந்த அச்சில் உருவாகும் பிரஷ்ய நீலம் என்ற நிறமியிலிருந்து பிரித்தெடுத்ததால்தான் அந்த நஞ்சுக்கே அப்பெயர் வந்தது.

தமிழில் ‘கருநீல அச்சு’ பொருந்தும். ‘சியான்’ இன்று அச்சகத்தில் பச்சை கலந்த வெளிர்நீலம். ‘நீலப்படம்’ என்பதோ எப்போதோ வேறு வழியில் போய்விட்டது!

1850-களில் ஹியூ வெல்ச் டயமண்ட் என்ற மருத்துவர், இங்கிலாந்தின் சர்ரே மனநலக் காப்பகத்தில் பெண் நோயாளிகளின் முகங்களைப் படமெடுத்தார். அங்கே நோயாளி படத்துக்கு உட்கார்ந்தவர். கருநீல அச்சிலோ படத்தை ஆக்குபவரே நோயாளி. முகம் பதிவதில்லை என்பதால் அடையாளம் வெளியாகும் சிக்கலும் இல்லை. லித்தியம் போன்ற மனநல மருந்துகளால் கை நடுங்குபவருக்குக் கேமராவைவிட இது எளிது.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம்: இரண்டையும் தனித்தனியே 100 மில்லி நீரில் கரைத்து, பூசும் நேரத்தில் மட்டும் சம அளவு கலக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 3 மில்லி போதும். மங்கிய மஞ்சள் விளக்கொளியில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்துங்கள். இந்த வேலை பணியாளருடையது. நோயாளி கைக்கு வர வேண்டியது உலர்ந்த தாள் மட்டுமே. ஃபெரிசயனைடை வலுவான அமிலத்துக்கு அருகில்கூட வைக்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

இலை, சரிகைத் துணி, கத்தரிக்காமல் கையால் கிழித்த காகிதம் என எதையும் தாள்மேல் அடுக்கலாம். மேலே கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் தகடு போதும். இலையை முந்தின நாளே புத்தகத்தில் வைத்து அழுத்திவிடுங்கள். ஈரம் இருந்தால் கறை விழும், மேடு இருந்தால் விளிம்பு மங்கும். நல்ல வெயிலில் 5 முதல் 15 நிமிடம். வெயில் பட்ட பகுதி சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வந்தபின் எடுக்க வேண்டும். பொறுமையின்றி நீலத்திலேயே எடுத்தால் கழுவும்போது படமும் சேர்ந்து ஓடிவிடும். குளோர்ப்ரோமசின் என்ற மனநல மருந்தை உட்கொள்பவருக்கு வெயிலில் தோல் எளிதில் வெந்துவிடும். அவர் நிழலில் அடுக்கட்டும், தாளை மட்டும் வெயிலுக்கு அனுப்புங்கள்.

மஞ்சள் கசிவு நிற்கும்வரை நீரில் அலசுங்கள். அரைகுறையாக விட்டால் வெள்ளைப் பகுதியும் பின்னர் நீலமாகும். அலசும் நீரில் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிது விட்டால் நீலம் உடனே ஆழ்ந்துவிடும். காத்திருக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. சலவைச் சோடா பட்டால் நீலம் வெளுக்கும். காரம் சேர்த்துத் தயாரித்த தாளிலும் அதே கதைதான், ஆகவே காரம் சேர்க்காத பருத்தித் தாளாகப் பார்த்து வாங்குங்கள்.