கொடி பச்சை, காய் பொக்கு

பென்னாகரம் பக்கம் ஒரு மானாவாரிக் கொல்லையில் பெரியவர் ஒருவர் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "கொடி பச்சப்பசேல்னு இருக்குது சார், கல்லக்கா எல்லாம் பொக்கு." வறட்சி தாங்கும் ரகம் என்று சொல்லித்தான் விதை கொடுத்திருக்கிறார்கள். செடி தாங்கியிருக்கிறது, காய்தான் தாங்கவில்லை, பருப்பு நிரம்பாமல் பொக்காகிவிட்டது.

ரகம் உருவாக்கும் நாங்களும் இதில் ஏமாந்தவர்கள்தான். வாடாத செடியைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் வாடாமல் இருக்கச் செடிக்குச் சுலபமான வழி, இலைத்துளைகளை மூடிக்கொள்வது. மூடினால் நீர் மிச்சம். கரியமில வாயுவும் உள்ளே வராது. பிறகு பருப்பு எதை வைத்து நிரம்பும்? அதனால் மூன்றைப் பார்க்கிறோம்: வேர் எவ்வளவு நீர் எடுக்கிறது, அந்த நீருக்குச் செடி எவ்வளவு எடை போடுகிறது, அதில் எவ்வளவு காய்க்குப் போகிறது. இரண்டாவதை ஊகிக்க, இலையைக் கவ்விப் பச்சையத்தை அளக்கும் சின்னக் கருவி உதவும். மூன்றாவதற்குப் பிடுங்கி, உரித்து, எடை போட்டே ஆக வேண்டும்.

பெரியவர் கொல்லையில் நடந்தது வேறு. நிலக்கடலை மேலே பூத்து, பூவிலிருந்து விழுது என்னும் காம்பு இறங்கி, மண்ணுக்குள் காய்க்கும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்பாது. காயே தன் ஓட்டின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல்மண்ணில் ஈரம் வேண்டும். ஆழத்தில் ஈரம் இருந்ததால் கொடி பசுமையாக நின்றது, மேலே செம்மண் காய்ந்ததால் காய் பொக்கானது. சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் போட்டீர்களா என்று கேட்டேன். "மழையே இல்ல, அதப் போட்டு என்னா பண்றது?" அவர் கேட்டதும் நியாயம்தான். மானாவாரியில் விதைத்த 40 முதல் 75 நாளுக்குள் ஈரம் கிடைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்க வேண்டும். அந்த ஒரு மழைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

முதல் மாதம் கொஞ்சம் காய்ந்தால் பெரிய நட்டமில்லை. விழுது இறங்கும்போது காய்ந்தால்தான் அடி. கடைசியில் காய்ந்தாலோ அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை காய்க்குள் நுழைந்துவிடும். கடைசி வறட்சிக்கு முன்பே முற்றிவிடும் ரகம் ஒரு வழி. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-ல் வந்த டிஎம்வி 2 ரகம், ஆந்திராவின் அனந்தபூர் மானாவாரியில் பல காலம் கோலோச்சியது. அதற்கு மாற்றாக அங்கே போன, இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐசிஜிவி 91114 அப்படி முன்பே முற்றும் ரகம்தான்.

அடுத்த முறை விதைக்காரர் 'வறட்சி தாங்கும்' என்றால், எத்தனையாவது நாள் வறட்சியை என்று கேளுங்கள்.