தறிச் சைகையும் சைகை மொழியும்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கம் இன்றும் பல வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஆறு தறி. நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் காது கேட்கிற நாங்களும் கையால்தான் பேசிக்கொள்வோம். கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்தால் டீ. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்தால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து.

என் பெரியம்மா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த அண்ணனும் அதே பட்டறையில்தான் தறி ஓட்டினார். அவர் கையை அசைப்பதும் நாங்கள் அசைப்பதும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் அவர் தன் நண்பர்கள் நான்கு பேரோடு பேசுவதைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓயாத பேச்சு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாஷை தெரியாத ஊரில் இறங்கிய மாதிரி நின்றேன். வரும்போது பஸ்ஸில் அண்ணன் எழுதிக் காட்டினார்: அடுத்த மாதக் கல்யாணத்துக்கு யார் யார் போவது, போன தடவை மொய் எழுதாமல் வந்தது யார் என்று வாக்குவாதமாம். எங்கள் தறிச் சைகையில் 'அடுத்த மாதம்' என்றே சொல்ல முடியாது. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் புகார் சொல்லவும் முடியாது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இதற்கு மூளைக்குள் போய் விடை தேடியவர்களில் முக்கியமானவர் உர்சுலா பெலூகி. 1931-இல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன குடும்பம். ஹார்வர்டில் குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பிறகு கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்துக்கு வந்து, மொழியியலாளரான தன் கணவர் எட்வர்ட் கிளிமாவோடும் காது கேளாத ஆய்வாளர்களோடும் சேர்ந்து பல பத்தாண்டுகள் சைகை மொழியை ஆராய்ந்தார். 2022-இல் காலமானார்.

அவர் ஆரம்பித்த காலத்தில் சைகை மொழியை மொழி என்று ஒப்புக்கொண்டவர்கள் குறைவு. படம் வரைவது போல ஏதோ கையால் காட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்பதே பொதுக் கருத்து. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்பவர் மட்டும், ஒவ்வொரு சைகையும் கை வடிவம், கை இருக்கும் இடம், அசைவு என்ற சின்னச் சின்ன உறுப்புகளால் ஆனது என்று காட்டியிருந்தார். நம் பேச்சில் எழுத்தொலிகள் இருப்பது போல. சரி, இது ஆய்வாளர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பிரிவா, பேசுபவர் மூளையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறதா?

பெலூகி குழு எளிய சோதனை ஒன்று செய்தது. ஒரு சொற்பட்டியலைக் காட்டி, நினைவிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். காது கேட்பவர்கள் தப்புச் செய்தால் ஒலியில் நெருங்கிய சொல்லைச் சொல்வார்கள். நாமாக இருந்தால் 'பாவு' என்பதற்கு 'பாகு' என்போம். அமெரிக்கச் சைகை மொழியில் 'ஓட்டுப் போடுவது', 'தேநீர்' இரண்டுக்கும் கை வடிவமும் இடமும் ஒன்று. அசைவு மட்டும் வேறு. காது கேளாதவர்கள் 'ஓட்டு' என்று பார்த்ததை 'தேநீர்' என்று நினைவுகூர்ந்தார்கள். பொருளில் இவை இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சைகையைப் படமாக வைத்திருந்தால் இந்தத் தப்பு வராது. உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்திருப்பதால்தான் ஓர் உறுப்பு மட்டும் நழுவுகிறது.

அடுத்தது மூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பாதியில் இருக்கிறது என்பது 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த, பேச்சிழந்த ஒரு நோயாளியிலிருந்து தெரிந்துவந்த விஷயம். இடம், திசை, வரைபடம் போன்றவற்றில் வலது பாதிக்கு அதிகப் பங்கு. சைகை மொழியோ கண்ணால் பார்ப்பது, காற்றுவெளியில் கையால் வரைவது. அப்படியானால் அது வலது பாதியில்தானே இருக்க வேண்டும்?

பக்கவாதம் வந்த, வாழ்நாள் முழுக்கச் சைகையில் பேசிய சிலரை பெலூகியும் கிளிமாவும் ஹோவர்ட் பாய்ஸ்னரும் நெருக்கமாக ஆராய்ந்து 1987-இல் புத்தகமாக எழுதினார்கள். இடது பாதி பழுதானவர்களுக்கு மொழி உடைந்திருந்தது. ஒருவர் திக்கித் திக்கி, ஒவ்வொரு சைகையாக, இலக்கணம் இல்லாமல் பேசினார். மற்றவர் சொல்வது அவருக்குப் புரிந்தது. இன்னொருவருக்குக் கை சரளமாக ஓடியது, ஆனால் இலக்கண அசைவுகள் தப்பாக வந்தன. இடது மூளைதான் வலது கையை இயக்குகிறது; அந்தக் கை முடங்கியதால் வந்த குறையோ என்று கேட்கலாம். அப்படியில்லை. சைகை மொழியை ஒரு கையாலும் பேசலாம். இவர்கள் நல்ல கையால் பேசியபோதும் மொழி உடைந்தே இருந்தது.

வலது பாதி பழுதானவர்களின் கதைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அதைச் சொல்ல ஏற்காட்டு பஸ் வேண்டும். ஒரு தடவை மலைக்குப் போய் வந்த அண்ணன், வீட்டில் அந்தப் பயணத்தை விவரித்தார். ஒரு கை பஸ்ஸாக மாறியது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் அந்தக் கை ஏறியது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியது. காற்றில் ஒரு மலைச் சாலையே இருந்தது. அப்புறம் "அம்மா எனக்குப் பணம் கொடுத்தாங்க" என்றார். அம்மாவை ஒரு பக்கம் நிறுத்தி, 'கொடு' என்ற சைகையை அந்தப் பக்கத்திலிருந்து தன்னை நோக்கி நகர்த்தினார். இங்கேயும் அதே வெளிதான், ஆனால் வேலை வேறு. முதலில் வெளி வரைபடமாக இருந்தது. இப்போது அது வேற்றுமை உருபு. யார் யாருக்கு என்பதைச் சொல்வது.

பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மூளைக்கு அப்படியில்லை. வலது பாதி பழுதான ஒரு பெண்மணியிடம் அவருடைய அறையை விவரிக்கச் சொன்னபோது, மேசை நாற்காலி எல்லாவற்றையும் வலது பக்கமே குவித்தார். இடது பக்கம் காலி. ஆனால் வாக்கியம் அமைக்கும்போது இலக்கணத்துக்கு வேண்டிய இடத்தில் இடது பக்கத்தையும் தாராளமாகப் பயன்படுத்தினார். இன்னொருவர் ஓவியர். பக்கவாதத்துக்குப் பிறகு வரையும் திறன் போயிற்று; சைகைப் பேச்சு குறையில்லாமல் இருந்தது. காதா கண்ணா, வாயா கையா என்பதை இடது மூளை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இலக்கணம் இருந்தால் அது அதன் வேலை.

தறிச் சைகை எங்கே நிற்கிறது என்பதற்கும் இந்த ஆய்வுகளில் விடை உண்டு. இடது பாதி பழுதான ஒருவருக்குச் சைகைச் சொற்கள் வராமல் போயின. ஆனால் அதே பொருளை நடித்துக் காட்டச் சொன்னால் காட்டினார். நடித்துக் காட்டுவதும் பேசுவதும் ஒரே கையால் நடந்தாலும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. நாங்கள் பட்டறையில் செய்தது நடிப்பு. அண்ணன் செய்தது பேச்சு.

இதைப் புரிந்துகொள்ளாததற்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதவர்களுக்கு வாய்ப்பேச்சே கற்றுத்தர வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் நிழல் அண்ணன் படித்த பள்ளி வரை நீண்டிருந்தது. அங்கே கையை அசைத்தால் அடி; உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'படம்', 'மடம்' இரண்டையும் சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். அண்ணன் மொழியைக் கற்றது வகுப்பில் அல்ல, விடுதியில், விளக்கணைக்கும் முன், மூத்த பையன்களிடம்.

கையால் பேசப் பழகினால் வாய்ப்பேச்சும் படிப்பும் வராது என்ற பயம் பெற்றோருக்கு இன்னும் இருக்கிறது. ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ரேச்சல் மேபெரி குழு 2002-இல் காட்டியபடி, சிறு வயதிலேயே சைகை மொழி கிடைத்த காது கேளாதவர்கள் பிறகு ஆங்கிலத்தை நன்றாகவே கற்றார்கள். எந்த மொழியும் கிடைக்காமல் வளர்ந்தவர்களே தடுமாறினார்கள். மூளைக்கு ஆரம்ப ஆண்டுகளில் ஏதோ ஒரு முழு மொழி வேண்டும். சைகை பேசும் வீட்டுக் குழந்தைகள் கையாலேயே மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோ 1991-இல் பதிவு செய்திருக்கிறார். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காது நரம்பைத் தூண்டிக் கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் மாதங்களிலும், அதற்குப் பிறகான பயிற்சிக் காலத்திலும் குழந்தையின் மூளை சும்மா காத்திருக்காது. அப்போதும் அதற்கு மொழி கொடுங்கள்.

அண்ணன் இப்போது இரண்டு தறி சொந்தமாக ஓட்டுகிறார். தறிச் சட்டத்தில் போனைச் சாய்த்து வைத்து, திருச்செங்கோட்டு நண்பரோடு வீடியோ காலில் பேசுவார். போன வாரம் போயிருந்தபோது இழை அறுந்தது. வலது கையால் முடிச்சுப் போட நூலைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மட்டும் பேச்சைத் தொடர்ந்தார். நண்பர் சிரித்தார். என்ன சொன்னார் என்று எனக்குப் பாதி புரிந்தது.